அக்கா போட்ட முடிச்சு

மீத்தேன் போட வண்டிகள் வரிசை கட்டி நின்ற இடத்தில்தான் ஹிக்மத் விழுந்தான். கோகந்துக்கும் ஃபெர்கானாவுக்கும் நடுவே வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். கேஸ் நிரப்பும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது என்பதால் சவாரிகள் நாலு பேரும் இறங்கி, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, குளிரையும் அவனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "டிரைவர் தம்பி, நாம போய்ச் சேர்றதுக்குள்ள பாதாம் மரம் பூத்துடும் போலிருக்கே" என்றார் ஒரு கிழவர். பதில் சொல்ல வாயைத் திறந்தவன் திறந்த வாயோடு அப்படியே சரிந்தான். நல்லவேளை, கிண்டல் பண்ணிய கிழவரே தாங்கிப் பிடித்தார்.

இதயம் சோம்பிப்போய்விட்டது, நடுநடுவே துடிக்கவே மறந்துவிடுகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இடது காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி, தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேஸ்மேக்கரைப் புதைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை இதயத்துக்குள் விட்டுத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஹிக்மத் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்ததாலும், அவன் மனைவி நஸாகத் கீழே மருந்துக்கடையில் நின்றதாலும், டாக்டரம்மா சொன்னதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டவள் அக்கா சல்தனத்.

சல்தனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹிக்மத்துக்குப் பதினைந்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டது, காது குளிராமல் தொப்பி மாட்டிவிட்டது எல்லாம் அவள்தான். கட்டிக்கொண்டு போன இடத்தில் பிள்ளை இல்லை. புருஷனும் போய்ச் சேர்ந்தபின் அப்பன் வீட்டு முற்றத்துக்கே திரும்பி வந்து மூலை அறையில் இருந்துகொண்டாள். வாய் என்றால் அப்படியொரு வாய். அவள் வாசலில் உட்கார்ந்திருந்தால் தெருவில் போகிறவன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டுதான் போவான். ஆனால் தம்பி விஷயம் என்று வந்துவிட்டால் அந்த வாய் கோணிக்கொள்ளும், கண் உடைப்பெடுத்துவிடும்.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னாள். "ஆறு வாரத்துக்கு இடது கையைத் தோளுக்கு மேல தூக்கக் கூடாது. கனம் எடுக்கக் கூடாது. கம்பி நகர்ந்துடும். ஆனா கையைச் சும்மாவும் வெச்சிருக்கக் கூடாது, தோளுக்குக் கீழ மெல்ல ஆட்டிக்கிட்டே இருக்கணும்." கம்பி நகரும் என்ற இடத்திலேயே சல்தனத் ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள். மிச்சம் சொன்னது அழுகையில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது வெளியே பெரிய சில்லா தொடங்கியிருந்தது, வருஷத்தின் கெட்ட குளிர் நாற்பது நாள். நம்ம ஜனத்துக்கு எதற்கெடுத்தாலும் நாற்பது. சல்தனத் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு வாரம் என்றால் நாற்பத்திச் சொச்சம். ஆக, டாக்டரம்மாவும் படித்த வாயால் சில்லாவைத்தான் சொல்லியிருக்கிறாள்!

"பிள்ளை பெத்தவளுக்கு நாப்பது, புதுப் பொண்ணுக்கு நாப்பது, மையித்து விழுந்த வீட்டுக்கு நாப்பது. நெஞ்சைத் தொறந்து மூடினவனுக்கு மட்டும் இல்லாமப் போயிடுமா?" என்றபடி தன் கம்பளிச் சால்வையை எடுத்தாள். தம்பியின் இடது கையை மடக்கி, மார்போடு சேர்த்துச் சுற்றி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டாள். என்ன இழுத்தாலும் இளகாத முடிச்சு. ஆனால் எந்த நுனி என்று தெரிந்தவர்கள் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும்.

"மதினி, கையை ஆட்டணும்னு ஏதும் சொல்லலையா? பக்கத்து வீட்டுக்காரர் ஆப்பரேஷன் பண்ணிட்டு வந்தப்ப மறுநாளே நடக்க விட்டாங்களே" என்று நஸாகத் கேட்டாள்.

"டாக்டர்கிட்ட நின்னு கேட்டது நீயா, நானா?"

"நீங்கதான்."

"அப்ப போயி அடுப்புல ஷுர்பா சூப்பைப் பாரு, கொதிச்சு வழியுது."

எல்லாப் பழியையும் சல்தனத் தலையில் போட்டுவிடவும் முடியாது. ஹிக்மத்துக்கும் அந்தக் கட்டு பிடித்துத்தான் இருந்தது. காறை எலும்புக்குக் கீழே புடைத்திருந்த அந்தக் கட்டி அவனைப் பாடாய்ப் படுத்தியது. இடது பக்கம் புரண்டால் குத்தியது. மல்லாந்து படுத்தால் தோள் கழன்று தரையில் கிடப்பதுபோல் கனத்தது. பனியன் பட்டை உரசினாலே எரிந்தது. இந்தத் தோளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, கை கொஞ்சம் அசைந்தாலும் உள்ளே கம்பி பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம். கட்டிப் போட்டால் அந்தப் பயம் இல்லை. தைரியசாலி என்று பேர் வாங்கிய டிரைவர், குழந்தைபோல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

தினமும் சாயங்காலம் சல்தனத் வருவாள். நுனியைப் பிடித்து இழுப்பாள். சால்வை பொதுக்கென்று மடியில் விழும். கையை அசைக்காமல் வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "ம், போ. காத்து வாங்கு" என்பாள். காற்று வாங்கப் போவது முற்றத்து வாசல் வரைக்கும்தான். திரும்பி வந்ததும் மறுபடி கட்டு. ராத்திரி படுக்கையில் ஹிக்மத் வலது கையைப் பின்னால் விட்டு அந்த முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

பெரிய சில்லா முடிந்தது. கட்டை அவிழ்த்துவிட்டு, "மெல்லத் தூக்குடா" என்றாள். பாதி கூட ஏறவில்லை. தோளுக்குள் சுரீர் என்று இழுத்தது. "அய்யோ, கம்பி!" என்று அலறினான். சல்தனத் முகம் வெளுத்துப்போனது. அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? பெரிய சில்லா போனால் என்ன, சின்ன சில்லா இருக்கிறதே, இன்னும் இருபது நாள் குளிர்! வானத்துக்கு ரெண்டு சில்லா என்றால் தோளுக்கும் ரெண்டு. மறுபடி சுற்றிக் கட்டிவிட்டாள். நஸாகத் தலையில் அடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

சின்ன சில்லாவும் முடிந்து சால்வையை ஒரேயடியாக எடுத்தபோது கை பூட்டிக்கொண்டிருந்தது. முன்னாலும் ஏறவில்லை, பக்கவாட்டிலும் ஏறவில்லை. சட்டையின் இடது கையை நஸாகத்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது. தொழுகையில் வலது கை காது வரை போக, இடது கை இடுப்போடு நின்றது. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவன் ஓரக்கண்ணால் பார்த்தான். காரை எடுக்கலாம் என்று இடப்பக்க டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் சீட் பெல்ட் சரியாக அந்தக் கட்டியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அதை இழுத்து மாட்ட இடது கை பின்னால் போகவும் இல்லை. சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டான்.

டாக்டரம்மா மிஷினைச் சோதித்துப் பார்த்தாள். "இதயம் நல்லா ஓடுது. கம்பி வெச்ச இடத்துலயே இருக்கு. தோள்தான் இறுகிப்போச்சு. யாருங்க கையைக் கட்டச் சொன்னது?"

"அக்காதான்" என்றான் ஹிக்மத்.

"ரெண்டு மாசமா ஒரு கையை இப்படிக் கட்டிப் போடுவாங்களா? இது சரியாக ஒரு வருஷம் ஆகலாம். ரெண்டும் ஆகலாம். சில பேருக்கு முழுசா சரியாகாமலும் போகலாம்" என்றாள்.

வசந்தப் புத்தாண்டு நவ்ரூஸ் சமயம். முற்றத்தில் பெரிய கொப்பரையில் முளைகட்டிய கோதுமைக் களி, சுமலக், வெந்துகொண்டிருந்தது. தெருப் பெண்களெல்லாம் சுற்றி நின்று மாறி மாறிக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஹிக்மத் நேராக உள்ளே வந்தான். அத்தனை பேர் முன்னாலும், துடுப்பைப் பிடித்திருந்த அக்காவைப் பார்த்துக் கத்தினான். "என் கையைக் கொன்னுட்ட. நெஞ்சு பொழச்சுது, கையை நீ கொன்னுட்ட. பிள்ளை வளர்க்கத் தெரியாதவகிட்ட என்னை விட்டுட்டுப் போனாங்க பாரு எங்கம்மா!"

பிள்ளையில்லாதவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? எப்போதும் பத்து வார்த்தை தயாராக வைத்திருக்கும் சல்தனத் துடுப்பைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வருஷத்துச் சுமலக் அடிப்பிடித்துவிட்டது.

அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே முற்றம், ஒரே குழாய், ஆனால் முகம் பார்ப்பதில்லை. மல்பெரி பழுத்து உதிர்ந்தது. சல்தனத் வரவர இளைத்துக்கொண்டே போனாள். கோபத்தில் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று ஹிக்மத் நினைத்தான், நினைத்துக்கொண்டு சும்மாவும் இருந்தான். நஸாகத்தான் ஒருநாள் வந்து சொன்னாள்.

"ஏங்க, மதினிக்கு ஈரல்ல கட்டியாம். ரொம்ப நாளா மறைச்சிருக்காங்க. இனிமே ஒண்ணும் செய்றதுக்கில்லைன்னு சொல்லிட்டாங்களாம்."

ஹிக்மத் அக்காவின் அறை வாசலில் போய் நின்றான். அவளே ஆரம்பித்தாள்.

"என்னடா கதவுல தொங்கற? உள்ள வா. எனக்கு ஒரு ஆள் வேணும், அதைப் பேசி முடிப்போம்."

"என்ன ஆள்?"

"என்னைக் குழியில வாங்கறதுக்கு."

"அக்கா, வாயை மூடு."

"நீ மூடு. அப்பா இல்ல. அவரும் இல்ல. பெத்தது ஒண்ணும் இல்ல, அதான் ஊரைக் கூட்டிச் சொன்னியே. உனக்கும் ரெண்டும் பொண்ணு. பொம்பளை மையித்தைக் குழிக்குள்ள நின்னு வாங்கறவன் ரத்த உறவா இருக்கணும். எனக்கு இருக்கறது நீ ஒருத்தன். நீ இல்லேன்னா என் புருஷன் வழியில அந்த சஞ்சர் பய இறங்குவான். நாளைக்கு நாலு தரம் மூக்கை நோண்டறவன். அவன் கை என் மேல படக் கூடாது. வேத்து ஆம்பளை யார் கையும் படக் கூடாது. கால் பக்கம் வேணும்னா குழி வெட்டற தாலிப் பிடிச்சுக்கட்டும், வயசானவர். தலைப் பக்கம் நீதான். ரெண்டு கையாலயும்."

அவன் இடது கையைப் பார்த்தான். அது மடியில் கிடந்தது.

"தெரியுதுடா. நான்தானே அதைப் பூட்டினேன்" என்றாள் சல்தனத். "நானே தொறந்து விட்டுட்டுத்தான் போவேன்."

மறுநாள் அவள் தனியாக பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் போனாள். அழவில்லை. தோளுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள். வருகிற வழியில் தாலிப் வீட்டுக்குள் நுழைந்து, "அண்ணே, குழிக்குள்ள நின்னு வாங்கறவன் கை எவ்வளவு உயரம் போகணும்?" என்று கேட்டாளாம். அவர் கையிலிருந்த பியாலா கவிழ்ந்து தேநீர் முழங்காலில் கொட்டியது. பாவம், சூடு பொறுக்காமல் எழுந்து நின்றவர் அப்படியே கையை உயர்த்திக் காட்டினார், தலைக்கு மேல் ஒரு சாண்.

வீட்டுக்கு வந்தாள். தம்பியைச் சுண்ணாம்புச் சுவர் பக்கமாக நிறுத்தினாள். புருவத்துக்குத் தீட்டுகிற ஊஸ்மா சாற்றைத் தொட்டு, அவன் தலைக்கு மேல் சுவரில் பச்சையாக ஒரு கோடு இழுத்தாள். "இதுதான் நான் வர்ற உயரம். இங்க வந்து என்னை வாங்கிக்கோ."

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தையில்லை. சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களால் நடந்து மேலே ஏற வேண்டும். ஒரு விரல், அப்புறம் இன்னொரு விரல். வலிக்கிற இடத்தில் நின்று, மூச்சு விட்டு, இன்னும் ஒரு விரல். முதல் வாரங்களில் மார்பைத் தாண்டுவதற்குள் ஹிக்மத்துக்கு வேர்த்து ஊற்றியது.

"எறும்பு ஏறிப் போயிடுச்சு, திரும்பியும் வந்துடுச்சு. நீ இன்னும் அங்கேயே நிக்கற."

"வலிக்குதுக்கா."

"எனக்கு மட்டும் இங்க இனிக்குதாக்கும்? ஏறு."

வெயில் காலத்துச் சில்லா வந்தது. அதுவும் நாற்பது நாள்தான், தரையில் கால் வைக்க முடியாத சூடு. ஹிக்மத் சுவரில் விரலை வைத்தபடி திரும்பி, "அக்கா, சில்லா வந்துடுச்சு. சால்வையைக் கொண்டா, கட்டிவிடு" என்றான். சல்தனத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. "அன்னிக்கு நான் சொன்னதை மறந்துடுக்கா" என்றான் ஹிக்மத். "எதை? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றாள். ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

அப்புறம் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே கட்டிலைப் போட்டார்கள். அங்கே படுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தோளைத் தாண்டியது. காதைத் தொட்டது. நெற்றிக்கு மேலே போனது. ஆனால் பச்சைக் கோட்டுக்கு நாலு விரல் கீழே வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் தோளுக்குள் யாரோ பூட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாள் போகப்போக அந்த நாலு விரல் குறையவே இல்லை.

"நான் கொஞ்சம் பொறுத்துப் போறேன்டா, நீ ஏறு" என்பாள். அவளால் பொறுக்க முடியவில்லை. ஹுசைனி திராட்சை பழுக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில் நஸாகத் ஊட்டிய தண்ணீர் அவள் கடைவாயில் வழிந்தது. அவ்வளவுதான். கோடு அங்கேயே இருந்தது, அவன் கைக்கு நாலு விரல் உயரத்தில்.

அன்றைக்கே எடுத்தார்கள். ஹிக்மத் துக்க வழக்கப்படி மேலங்கிக்கு மேல் இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, தடியை ஊன்றி, வாசலில் நின்று "என் அக்கா!" என்று கதறினான். பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். மையித்து வைத்த சந்தூக்குப் பெட்டியை ஆண்கள் தோள் மாற்றி மாற்றி ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோனார்கள். வழி நெடுக அவனுக்கு ஒரே நினைப்புதான். நாலு விரல். நாலே நாலு விரல்.

குழிக்குள் தாலிப் கால் பக்கமாக நின்றுகொண்டார். ஹிக்மத் இறங்கித் தலைப் பக்கம் நின்றான். மேலே வெள்ளைத் துணியோடு அக்காவை விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். அவன் கைகளை உயர்த்தினான். வலது கை போய்விட்டது. இடது கை நெற்றிக்கு மேலே போய் நின்றது.

"மாமா, மேல வந்துடுங்க. உங்க நெஞ்சுல மிஷின் இருக்கு, ஏதாவது ஆயிடப் போகுது. நான் இறங்கறேன்" என்றான் சஞ்சர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். இமாமும் குனிந்து பார்த்தார். "தவிர்க்க முடியாத நேரத்துல வேற ஆளும் வாங்கலாம் தம்பி, குத்தமில்ல. ஏறி வா" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்றான் ஹிக்மத்.

அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குழியின் மண்சுவர் பக்கம் திரும்பினான். இடது கை விரல்களை ஈர மண்ணில் வைத்தான். ஒரு விரல். இன்னொரு விரல். மண் உதிர்ந்து சட்டைக் கைக்குள் விழுந்தது. மார்பு, தோள், காது, நெற்றி. பூட்டு இருக்கிற இடம் வந்தது. மூச்சு விட்டான். இங்கே பச்சைக் கோடு இல்லை, எவ்வளவு தூரம் என்று சொல்ல ஆளும் இல்லை. கம்பி பிடுங்கினால் பிடுங்கட்டும் என்று நெஞ்சைச் சுவரோடு அழுத்தி, முழு உடம்பையும் அந்தக் கையின் கீழே கொடுத்து உந்தினான். தோளுக்குள் என்னவோ படபடவென்று கிழிந்தது. தாலிப்புக்கே அது கேட்டது.

ஹிக்மத் போட்ட அலறலில் மேலே நின்றவர்களெல்லாம் அக்காவுக்காகத்தான் அழுகிறான் என்று சேர்ந்து அழுதார்கள். அவர்கள் நினைத்ததும் தப்பில்லை.

கண் இருட்டியது. நெஞ்சுக்குள் மிஷின் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து கையை எடுத்தான். விழவில்லை. ரெண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டியபடி திரும்பினான்.

"குடுங்க" என்றான்.

அக்கா வந்து அவன் கைகளில் இறங்கினாள். கனமே இல்லை. எப்படி இருந்தவள்! தலையை மார்போடு சாய்த்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தாலிப்போடு சேர்ந்து, பக்கவாட்டில் குடைந்திருந்த அறைக்குள் படுக்க வைத்தான். வலது பக்கமாகச் சாய்த்து, முகத்தைத் தொழுகைத் திசையான கிப்லா பக்கம் திருப்பினான். இடது கை நெருப்பில் வைத்ததுபோல் எரிந்தது.

"கபன் துணி முடிச்சை அவிழ்த்துடு தம்பி" என்றார் தாலிப்.

தலைமாட்டில் இருந்த முடிச்சைத் தொட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. குளிப்பாட்டிக் கட்டியவர்களில் நஸாகத்தும் ஒருத்தி. குளிர்காலம் முழுக்கத் தினமும் பார்த்துப் பார்த்து அவளும் அக்காவின் முடிச்சைக் கற்றுக்கொண்டிருந்தாள். எந்த நுனி என்று அவன் தேடவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தான். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

துணிக்கு மேலே அவள் முதுகில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினான்.

"ம், போக்கா" என்றான். "காத்து வாங்கு."

தாலிப் காதில் விழாததுபோல், அறையின் வாசலை அடைக்க மண்கட்டிகளை எடுக்கத் திரும்பிக்கொண்டார்.